மகாப்ஸ்னா ஒரு நாள் போதாது பாஸ்!

‘மச்சான், சண்டே மகாப்ஸ் போலாமா?’

சென்னையைச் சுத்தி இருக்கிற எந்த இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டல்லயும் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி கிளம்பும். அடுத்து நடக்கிறது உங்களுக்கே தெரியும். எட்டு பேர், நாலு பைக். ஈ.சி.ஆர். ஓரத்துல ஒரு டீ. பதினோரு மணி வெயில்ல வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ. கடல்ல கும்மாளம், கரையில மீன் வறுவல், இருட்டுறதுக்குள்ள ரிட்டர்ன். ஹாஸ்டல்ல யாராவது ‘ஊர் எப்படிடா?’ன்னு கேட்டா, ‘என்னத்த... எல்லாம் கல்லுதான்!’

கல்லுதான், ஒத்துக்கறேன். ஆனா, அந்தக் கல்லுல 1,300 வருஷத்துக்கு முன்னாடி பெரிய வேலை ஒண்ணு பாதியில நின்னுபோச்சு. அதே ஊர்ல இன்னிக்கும் தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்குது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம் பத்தாது. ஒரு ராத்திரி தங்கணும். செமஸ்டர் முடிஞ்ச கையோட நாங்க அஞ்சு பேர் தங்கிப் பார்த்தோம். அந்த அனுபவத்துல உங்களுக்கு ஒரு பிளான் போட்டுத் தர்றேன்... கூடவே நிறைய மொக்கையும் போடுவேன், பொறுத்துக்குங்க!

முதல் விஷயம் தேதி. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஊரே சென்னைக்காரங்களால நிரம்பி வழியும், ரூம் வாடகையும் ஏறும். டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் பெஸ்ட். அதே சீசன்ல அரசு சுற்றுலாத் துறை நடத்துற நாட்டிய விழாவும் நடக்கும். 1992-ல ஆரம்பிச்ச விழா. பரதம், கதக், ஒடிசின்னு திறந்தவெளி மேடையில ஆடுவாங்க. ‘எனக்கு டான்ஸெல்லாம் புரியாது’ங்கிற ஆளுகூட கடல் காத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். அக்டோபர், நவம்பர்ல மழை. மே மாசம் போனா, கருங்கல் மேல தோசை ஊத்தலாம்.

அடுத்தது வண்டி. சென்னையில இருந்து தெற்கே 60 கிலோமீட்டருக்குள்ளதான். தாம்பரம் பக்கம் படிக்கிறவங்களுக்கு 515, அடையாறு பக்கம்னா 588. கிளம்புறதுக்கு முன்னாடி நேரத்தை மட்டும் விசாரிச்சுக்குங்க. புதுச்சேரி போற ஈ.சி.ஆர். பஸ்ஸுல ஏறினா பைபாஸ்ல இறக்கி விட்டுடுவாங்க. அங்கிருந்து ஊருக்குள்ள ஒரு நடை, அவ்வளவுதான். வெளியூர்ல இருந்து ரயில்ல வர்றவங்க செங்கல்பட்டுல இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிக்கலாம். இந்த ரூட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏரி, வயல், தூரத்துல கழுக்குன்றம் மலைன்னு கண்ணுக்கு அவ்வளவு குளுமை! பைக்தான் கெத்துன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ராத்திரி நேரத்து ஈ.சி.ஆர். விளையாடற இடம் இல்ல பாஸ். பின்னாடி உட்கார்றவனுக்கும் ஹெல்மெட் எடுத்துக்குங்க.

தங்குறதுக்கு ஒத்தவாடைத் தெருவும் அதைச் சுத்தின சந்துகளும். வெள்ளைக்காரங்க தோளில் மூட்டையைத் தூக்கிட்டு வந்து வாரக்கணக்கா டேரா போடற ஏரியா இதுதான். சின்னச் சின்ன லாட்ஜ், மொட்டை மாடி ஹோட்டல், நடுவுல கல் சிற்பக் கடை, அந்தாண்ட மீனவர் குப்பம். எல்லார் கையிலயும் ஆதார் கார்டும் காலேஜ் ஐ.டி-யும் இருக்கட்டும். ‘ஸ்டூடண்ட்ஸா? ரூம் இல்ல’ன்னு ரெண்டு இடத்துல எங்களை மேலயும் கீழயும் பார்த்துத் திருப்பி அனுப்பினாங்க. நமக்கு முன்னாடி போன நல்லவங்க பண்ணின சேட்டை அப்படி! மூணாவது இடத்துல வீட்டுக்காரம்மா ஒருத்தங்க, ‘சத்தம் போடக் கூடாது, மாடியில துணி காயப்போடலாம்’னு ரெண்டே கண்டிஷனோட சாவியைக் கொடுத்தாங்க.

மதியம் போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க. சாப்பிட்டுட்டு, வெயில் சாய்ஞ்ச பிறகு முதல்ல பார்க்க வேண்டியது ஐந்து ரதம். டிக்கெட் 50 ரூபாய்க்குள்ளதான். அதே டிக்கெட்ல அன்னிக்கே கடற்கரைக் கோயிலையும் பார்க்கலாம். மாலை ஆறு மணிக்கு மூடிடுவாங்க, அதனால நாலு மணிக்கு உள்ளே இருங்க.

பாண்டவருக்கும் இந்த ரதங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேரெல்லாம் பின்னாடி ஜனங்க வெச்சது. திரௌபதி ரதம்னு சொல்றது கொற்றவைக்கான சின்ன கோயில். நம்ம ஊர்க் கூரை வீட்டை அப்படியே கல்லுல இறக்கி வெச்சிருக்காங்க. நகுல சகாதேவ ரதத்தோட பின்பக்கம் படுத்த யானையோட முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். அந்த வடிவத்துக்குத் தமிழ்ல ‘தூங்கானை மாடம்’னு பேரு. கண்டுபிடிக்கிறவங்களுக்கு க்ளூ கொடுக்கிற மாதிரி பக்கத்துலயே ஒரு கல் யானையையும் நிறுத்தி வெச்சிருக்கான் குசும்புக்காரச் சிற்பி!

கோயில் கட்டுறதுன்னா என்ன? அஸ்திவாரம் போட்டு, கீழே இருந்து மேலே போறது. நாம படிக்கிற கட்டுமானம் மொத்தமும் அப்படித்தான். இங்க எல்லாமே தலைகீழ். தரையில துருத்திக்கிட்டு இருந்த பாறையை எடுத்துக்கிட்டு, உச்சியில இருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. சாரம் கட்ட வேண்டாம், மிச்சப் பாறையே சாரம். வெட்டின கல் தானா கீழே விழுந்துடும். யோசிக்கும்போது சூப்பர் ஐடியா. ஆனா, முழு கோயிலும் மண்டைக்குள்ள முதல்லயே இருக்கணும். கலசம் செதுக்கும்போதே வாசப்படி எங்க வரும்னு தெரிஞ்சிருக்கணும். ஒரு தூண் அரை அங்குலம் அதிகமா போயிடுச்சுன்னா ஒட்ட வைக்க முடியாது. கேட்ல ‘கன்ட்ரோல் இசட்’ அடிக்கிற கோஷ்டி நாம... கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு.

தர்மராஜ ரதத்துக்கு முன்னாடி நின்னு மேல இருந்து கீழே பாருங்க. மேல் தளங்கள் கச்சிதமா முடிஞ்சிருக்கு. மன்னனோட பட்டப்பெயர்களைக்கூடப் பல்லவ கிரந்தத்துல வெட்டியிருக்காங்க. கீழ் தளத்துக்கு வந்தா வேலை அப்படியே நிக்குது. பீம ரதத்துலயும் அடிப்பகுதி முரட்டுக் கல்லாவே கிடக்குது. கைடுங்க ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. போர்ங்கிறாங்க, ராஜா செத்துட்டார்ங்கிறாங்க, கல்லுல விரிசல்ங்கிறாங்க. எனக்கு அந்தக் காரணத்தைவிட, நின்ன இடம்தான் பிடிச்சிருந்துச்சு. முடிஞ்ச சிலையைப் பார்த்தா கும்பிடத் தோணும். முடியாத சிலையைப் பார்த்தாத்தான், ‘எப்படிடா பண்ணினான்?’னு கேட்கத் தோணும்.

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்துச்சுன்னா, பெரும்பாலான டூரிஸ்ட் போகாத இடம் ஒண்ணு சொல்றேன். ஊருக்கு மேற்குப் பக்கம் பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம்னு இருக்கு. ஆட்டோக்காரர்கிட்ட பேரைச் சொன்னா, ‘அங்க எதுக்கு தம்பி?’ன்னு ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்ல, போங்க. பாதி ரதம் பாறைக்குள்ள இருந்து எழுந்து வர்ற மாதிரி நிக்கும். குன்று மேல இருக்கிற முடியாத குகைகள்லயும் ஒரு தடயம் கிடைக்கும். பாறை முகத்தைச் சின்னச் சின்னக் கட்டமா, நம்ம கிராஃப் ஷீட் மாதிரி பள்ளம் வெட்டிப் பிரிச்சிருக்காங்க. அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் தட்டி உடைக்கிறது. மறுபடி கட்டம், மறுபடி தட்டு. அப்படியே உள்ளே உள்ளே போய் மண்டபம். பெரிய பாறைகள் ஓரத்துல வரிசையா சதுரக் குழிகளும் தெரியும். அதுல ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்திருக்காங்க. மர ஆப்பை இறக்கி, தண்ணி ஊத்தி ஊற வெச்சா, மரம் உப்பி, பாறை பிளக்கும்னு சொல்வாங்க. எங்க செட்டுல இருந்த சிவில் பொண்ணு அந்தக் குழிக்குள்ள விரலை விட்டு ஆழம் அளந்துட்டே இருந்தா. அரை மணி நேரம் கூப்பிட்டும் வரலை.

ராத்திரியைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. மீன் கடையில மீனைக் காட்டி எடை போடுவாங்க. எண்ணெயில போடறதுக்கு முன்னாடியே விலையை முடிவு பண்ணிடுங்க. சாப்பிட்டு முடிச்சுட்டுப் பேரம் பேசறது பல்லவர் காலத்துலயும் நடந்திருக்காது! அப்புறம் மாடியில உட்கார்ந்தா, கலங்கரை விளக்கத்தோட வெளிச்சம் சுத்திச் சுத்தி வரும். அதுக்குப் பக்கத்துல குன்று மேல ஒரு பல்லவர் கோயில் இருக்கு, ஓலக்கண்ணேஸ்வரர். இந்தக் கலங்கரை விளக்கம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கோயில் மேலதான் விளக்கு எரிஞ்சிருக்கு.

காலையில ஆறு மணிக்கு கடற்கரைக் கோயில். ‘டூர் வந்தும் ஆறு மணியா?’ன்னு முனகாதீங்க. முந்தின நாள் டிக்கெட் செல்லாது, புதுசா எடுங்க. காசு கொடுக்கத் தகுதியான காலை அது. ஐந்து ரதம் ஒரே கல்லைக் குடைஞ்சது. இது கல்லை அடுக்கிக் கட்டினது. 8-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ராஜசிம்மன் காலத்து வேலை. சிவனுக்கு ரெண்டு கருவறை, ஒண்ணு கிழக்கே பார்த்து, ஒண்ணு மேற்கே பார்த்து. நடுவுல பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காத்து அத்தனை வருஷமா தின்னதுல சிங்கங்களுக்கு முகமே வழுக்கிப்போயிருக்கு. கல்லுக்குள்ள போன உப்பை எடுக்கத் தொல்லியல் துறை என்ன பண்றாங்க தெரியுமா? காகிதக் கூழை ஈரமா அப்பி வைக்கிறாங்க. அது காயும்போது உப்பை உறிஞ்சிடும். பெயர்த்தெடுத்துட்டு மறுபடி அப்பணும். அழகுக்கு ஃபேஸ்பேக் போடற மாதிரிதான், ஆனா இங்க உயிர் காக்கிற வைத்தியம்.

வெளியே வந்தா கடல். இங்கதான் கொஞ்சம் சீரியஸா பேசணும்.

மாமல்லபுரம் கடல் குளிக்கிற கடல் இல்ல. ஜாலி மூடைக் கெடுக்கிறான்னு நினைக்காதீங்க. இந்தக் கரையில செத்துப்போனவங்கள்ல நம்ம வயசுப் பசங்க நிறைய பேர். செமஸ்டர் முடிஞ்ச சந்தோஷத்துல, பர்த்டே கொண்டாட்டத்துல வந்தவங்க. போலீஸ் எச்சரிக்கைப் பலகை வெச்சிருக்காங்க, விசில் அடிச்சுத் துரத்தவும் செய்றாங்க. ஆனா, ‘முட்டி வரைக்கும்தானே...’ங்கிற ஒரு வார்த்தைதான் உள்ளே இழுத்துட்டுப் போகுது. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுற தண்ணி திரும்பக் கடலுக்குப் போயாகணும். பரவலா போகாம, ஒரு குறுகலான வழியில சேர்ந்து வேகமா ஓடும். அந்த இடத்துல அலை கம்மியா, அமைதியா தெரியும். ‘இங்க சேஃப் மச்சான்’னு நாம இறங்கறதும் அங்கதான். நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரைக்கு நீந்தினா களைச்சுப்போவான். மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும், மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் கூப்பிடணும். ஃப்ரெண்டு தத்தளிக்கிறான்னு அவன் பின்னாலயே குதிக்கிறதுதான் ஒரு உயிரை ரெண்டாக்குது. கயிறோ, கட்டுமரமோ, குப்பத்து ஆளுங்களோ, அவங்களைத் தேடி ஓடுங்க. கடல் மேல அவ்வளவு ஆசையா? காசு கட்டி அலைச்சறுக்குக் கத்துக்குங்க. சர்ஃபிங் சொல்லித் தர்ற பள்ளிகள் இங்கயும் கோவளத்துலயும் இருக்கு. குப்பத்துப் பசங்களே வாத்தியாரா இருக்காங்க. 2023 ஆகஸ்ட்ல இங்க சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியே நடந்துச்சு. அலை எந்தப் பக்கம் உடையும்னு அந்தப் பசங்களுக்கு அத்துப்படி. அவங்க ‘இன்னிக்கு வேணாம்ணா’ன்னு சொன்னா, வேணாம்.

சரி, ரெண்டு இட்லி உள்ளே தள்ளிட்டு வாங்க. எட்டு மணிக்குள்ள அர்ச்சுனன் தபசுக்கு முன்னாடி நிக்கணும். அந்தப் பாறை கிழக்கே பார்த்திருக்கு. காலை வெயில் சாய்வா விழும்போதுதான் ஒவ்வொரு உருவமும் பாறையை விட்டு வெளியே வரும். உச்சி வெயில்ல எல்லாம் தட்டையாயிடும். சண்டே கோஷ்டிக்கு ஏன் ‘வெறும் கல்லு’ன்னு தோணுதுன்னா, அவங்க போற நேரம் அப்படி.

கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம். நூத்துக்கும் மேல உருவங்கள். நடுவுல இயற்கையான பிளவு. அதுக்குள்ள நாகர்கள். ஒத்தைக் கால்ல நின்னு கையைத் தூக்கித் தவம் பண்றவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனான்னு இன்னும் பஞ்சாயத்து தீரலை. அதை விட்டுத் தள்ளுங்க. கீழே யானை பக்கத்துல ஒரு பூனையைத் தேடுங்க. அதுவும் ஒத்தைக் கால்ல நின்னு தவம் பண்ணும். அதைச் சுத்தி எலிகள் நம்பி விளையாடும். மேல மகா தவம், கீழே டுபாக்கூர் தவம்! ராஜா செலவுல, ராஜா பார்க்கப் போற பாறையிலயே இந்த நக்கல். அந்தச் சிற்பிக்கு எவ்வளவு தைரியம்!

எங்க செட்டுல ஒருத்தன் மெக்கானிக்கல். லேப் ரெக்கார்டு பின் பக்கத்துல படமா வரைஞ்சு தள்ளுற ஆளு. பிளஸ் டூ முடிச்சப்போ ஓவியக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்தானாம். வீட்ல, ‘படம் வரைஞ்சா சோறு போடுமா?’ன்னு ஒரே கேள்வி. அப்ளிகேஷன் அலமாரிக்குள்ள போச்சு, இவன் கவுன்சலிங்குக்குப் போனான். அன்னிக்கு அவன் எதிர்ப் பக்கத் திண்டுல உட்கார்ந்து அந்தப் பெரிய யானையை வரைய ஆரம்பிச்சான். நாங்க அந்தக் கேப்புல பக்கத்துல இருக்கிற கிருஷ்ண மண்டபம் போனோம். அங்க ஒருத்தர் பால் கறக்கிறார், பசு திரும்பிக் கன்னுக்குட்டியை நக்குது. ராஜாவும் இல்ல, போரும் இல்ல, ஒரு தொழுவம் மட்டும்தான். அப்படியே குன்று மேல ஏறி மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு சுவர்ல சிங்கத்து மேல உட்கார்ந்து சண்டை போடற துர்க்கை, எதிர்ச் சுவர்ல நிம்மதியா தூங்குற பெருமாள். சத்தமும் அமைதியும் நேருக்கு நேர். இறங்கி வர்ற வழியில கலங்கரை விளக்கத்துப் பக்கம் இன்னொரு தபசுப் பாறையும் இருக்கு. அதே காட்சி, ஆனா பாதிதான் முடிஞ்சிருக்கு. அதையும் விட்டுடாதீங்க.

வெண்ணெய் உருண்டையையும் பார்த்தோம், போட்டோவும் எடுத்தோம். எடுக்காம வந்தா நம்ப மாட்டாங்க! 250 டன் இருக்கும்னு கணக்குச் சொல்றாங்க. 2019 அக்டோபர்ல இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்து இதுக்கு முன்னாடி கை தூக்கி நின்ன படத்தை நீங்க பார்த்திருப்பீங்க.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா, நம்ம ஆளு இன்னும் யானையோட காதுலயே இருக்கான். பக்கத்துல ஒரு அண்ணன் நின்னு பார்த்துட்டு இருந்தார். கை, கால் முழுக்க வெள்ளைத் தூசு. “காது சரியா வரலை தம்பி. முதல்ல உடம்பைக் கட்டத்துல அடக்கு, அப்புறம் காதுக்கு வா”ன்னார். அவர் பின்னாலயே போனோம். அந்த ரோட்டுல பத்தடிக்கு ஒரு பட்டறை.

ரெடிமேட் பிள்ளையார் வாங்கவா போறோம்னு கடைகளைத் தாண்டிடாதீங்க. பட்டறைக்குள்ள எட்டிப் பார்த்து, ‘பார்க்கலாமாண்ணே?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னு யாரும் சொல்லலை. அந்த அண்ணன் முதல்ல ஒரு கல்லைச் சுத்தியால தட்டிக் காட்டினார். கணீர்னு மணி மாதிரி கேட்டா ஆண் கல், அதைவிட மென்மையா ஒலிச்சா பெண் கல். எதை எந்த உருவத்துக்கு எடுக்கணும்னு சாஸ்திரம் இருக்கு. அளவுக்கு மீட்டரும் கிடையாது, இஞ்ச்சும் கிடையாது. முகத்தோட நீளம்தான் கணக்கு, அதுக்குத் தாளம்னு பேரு. உருவத்தோட மொத்த உயரம் இத்தனை தாளம்னு முடிவாகிட்டா மூக்கு, தோள், முட்டி எல்லாம் அதுலயே வந்து உட்காரும். ஒரு அடி சிலையா இருந்தாலும் பத்து அடி சிலையா இருந்தாலும் அதே விகிதம். ஸ்கேலிங்னு நாம செமஸ்டர் பூரா படிச்சதை அவர் ஒரு சாக்பீஸ் கோட்டுல முடிச்சுட்டார்.

உளிச் சத்தத்துக்கு நடுவுல இன்னொரு சத்தமும் இருக்கு, கிரைண்டர். உளியில பல நாள் ஆகிற முரட்டு வேலையை கிரைண்டர் ஒரு நாள்ல முடிச்சுடுதாம். முகம், விரல், நகைக்கு மட்டும் உளி. ஆனா, கிரைண்டர் கருங்கல்லைத் தொட்ட உடனே புகை மாதிரி கிளம்புற தூசு சாதாரணத் தூசு இல்ல. அதுல சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல் தழும்பாகிடும். சிலிக்கோசிஸ்னு பேரு, போன நுரையீரலைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேர் மூக்கைச் சுத்தித் துண்டுதான் கட்டியிருந்தாங்க. துணிக்குள்ள அந்தப் பொடி சுலபமா நுழைஞ்சுடும். வெட்டுற இடத்துல தண்ணி விட்டா தூசு பெருமளவு அடங்கும், ஆனா கையில கரன்ட் மெஷின், தரையில தண்ணின்னா அது வேற ஆபத்து. உறிஞ்சு குழாய் வைக்கணும்னா செலவு. வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா காட்டிட்டு இருக்கோமே... பத்துக்குப் பத்து கொட்டகைக்குள்ள, கம்மி செலவுல, இந்தத் தூசை அடக்குற ஒரு கருவி பண்ண முடியாதா? மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ ரெண்டும் சேர்ந்தா போதும்.

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுக்கும் முன்னாடி, 1957-ல இங்க ஆரம்பிச்ச சிற்பப் பயிற்சி மையம்தான் இன்னிக்கு அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. பல வருஷம் அங்க முதல்வரா இருந்தவர் கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1-ம் தேதி திறந்த கன்னியாகுமரி 133 அடி திருவள்ளுவர் அவரோட கைவண்ணம். கல், உலோகம், மரம், சுதைன்னு பாடம். பி.எஃப்.ஏ. மட்டும் இல்ல, மரபுக் கட்டடக்கலையில பி.டெக். பட்டமும் உண்டு. ஆமா, பி.டெக்! இதைக் கேட்ட உடனே எங்க ஓவியர் முகத்தைப் பார்க்கணுமே... “இதை வீட்ல பி.டெக்.னு சொல்லியே சேர்ந்திருக்கலாமேடா!”ன்னு தலையில கை வெச்சுக்கிட்டான். நாங்க சிரிச்சோம். அவன் சிரிக்கலை.

நேரம் இருந்தா வடக்கே 5 கிலோமீட்டர்ல சாளுவன்குப்பம். யாளித் தலைகள் வளைச்சு நிக்கிற புலிக்குகை எல்லாருக்கும் தெரியும். பக்கத்துலயே முருகன் கோயில் அகழாய்வு இடம் இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை வாரிட்டுப் போனப்போ கல்வெட்டு வெளியே தெரிஞ்சுது. அதைப் பிடிச்சுட்டுப் போய் 2005-ல தோண்டினப்போ பல்லவர் காலக் கோயில், அதுக்கும் அடியில சங்க காலம்னு தொல்லியல் துறை சொல்ற செங்கல் கட்டுமானம். அத்தனை உயிரைக் கொண்டுபோன அலை காட்டிக்கொடுத்த கோயில். பார்க்கும்போது சந்தோஷப்படறதா வேண்டாமான்னு தெரியலை.

திரும்பி வர்ற வழியில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா, இன்னும் வடக்கே ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம். ரெண்டையும் ஒரே மதியத்துல அடைக்காதீங்க, ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. தட்சிணசித்ராவுல தென்னிந்திய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வெச்சிருக்காங்க. அழகா இருக்கும். செவ்வாய்க்கிழமை லீவு, ஞாபகம் இருக்கட்டும். நாங்க சோழமண்டலம் போனோம், காரணம் நம்ம மெக்கானிக்கல்.

1966-ல சென்னை ஓவியக் கல்லூரி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட மாணவர்களும் சேர்ந்து ஆரம்பிச்ச கிராமம் இது. ‘படம் வரைஞ்சா சோறு போடுமா?’ங்கிற அதே கேள்விதான் அவங்களுக்கும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பகல்ல பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு விக்கிற மாதிரி எதையாவது பண்றது. அதுல வர்ற காசுல சோறு. மிச்ச நேரத்துல, யாரும் வாங்கலைன்னாலும் பரவாயில்லைன்னு தனக்குப் பிடிச்ச ஓவியம். நிலத்தையும் அவங்களே சேர்ந்து வாங்கினாங்க. அப்போ அங்க வெறும் மணல்தான். இன்னிக்கு மரநிழல்ல சிற்பங்கள், 2009-ல திறந்த மியூசியம், அதுல அந்தத் தலைமுறையோட ஓவியங்கள்.

ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் நம்ம ஆளு நின்ன நேரத்துல நாங்க ரெண்டு டீ குடிச்சிருப்போம். கடைசியா வெளியே வந்து, பஸ் ஸ்டாப்புல நோட்டைத் திறந்து அந்த யானையைக் காட்டினான். காதை அழிச்சுட்டு, உடம்பு பூரா கட்டம் போட்டு வெச்சிருந்தான். “முடியலைடா. அடுத்த வாரம் காலையில வந்து முடிக்கணும். யார் வர்றீங்க?”

நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன். 515-ல நாலு சீட் பாக்கி இருக்கு.